கடலின் நிதானம்

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வீட்டில் மறுபடியும் ஒரு பவளத் தொட்டி வைப்பதென்று தீர்மானித்தபோது, மீனைப் பற்றியும் பவளத்தைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னால் நான் விசாரிக்க வேண்டியிருந்தது தரையைப் பற்றித்தான். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் தரை தாங்கக்கூடிய பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வரையறுத்திருக்கிறார்கள். கடல்நீரோ லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடையுள்ளது. ஆகவே ஆயிரம் லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்று, அதன் கல்லும் மணலும் கீழே நிற்கும் சம்ப் தொட்டியும் சேர்ந்து, ஒன்றரை டன்னை எட்டிவிடும் என்னும்போது அதை மாடியில் வைக்க எண்ணுவதற்கே இடமில்லை. முன்னர் மாடிவீட்டில் இருந்த காலத்தில் சிறியதொரு தொட்டி வைத்திருந்தேன். பிள்ளைகளின் படிப்பும் உத்தியோகத்தின் அலைச்சலும் அதை விடச் செய்தன. இப்போது பழைய தரைவீடு ஒன்றின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்து, காலடியில் மண்ணையே ஆதாரமாகக் கொண்ட சிமெண்டுத் தரை இருப்பதைக் கண்டபின், நெடுநாள் ஒதுங்கியிருந்த அந்த ஆசை மறுபடியும் தன் நியாயத்தைக் கேட்டு எழுந்து நின்றது.

பெரிய தொட்டி என்றதும் அதை ஆடம்பரம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த அபிப்பிராயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் கடல்நீர்த் தொட்டியின் விஷயத்தில் பருமன் என்பது முதன்மையாக அதில் வாழும் ஜீவன்களின் க்ஷேமத்தைச் சேர்ந்தது. ஐம்பது லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை யாரும் அறியாமல் ஒரு கல்லிடுக்கில் செத்துப்போனால், அது அழுகுவதில் பிறக்கும் அம்மோனியா மற்ற உயிர்களுக்கெல்லாம் நஞ்சாகிவிடக்கூடும். ஆயிரம் லிட்டரில் அதே மரணம் சுவடின்றிக் கரைந்துபோகும். இந்த நாட்டு வெப்பத்தில் நாள்தோறும் ஆவியாகிப்போகும் தண்ணீர் சிறு தொட்டியின் உப்பை மாலைக்குள் கூட்டிவிடும். பெரிய தொட்டியில் அந்தக் கூடுதல் அளவுகோலில் தெரிவதற்கே சில நாட்கள் பிடிக்கும். நீர் பெருகப் பெருக மாறுதல் மெதுவாகிறது; மாறுதல் மெதுவானால் அதைக் கண்டு திருத்துவதற்கு மனிதனுக்கு அவகாசம் கிடைக்கிறது. பவளம் வளர்ப்பவன் பெரிய தொட்டியின் மூலம் விலை கொடுத்து வாங்குவது இந்த அவகாசத்தைத்தான்.

இந்த அவகாசம் எதற்காக என்று கேட்டால், பவளத்திட்டு வளரும் கடலின் ஸ்வபாவத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. வெப்பமண்டலத்துத் தெளிந்த கடல்நீர் கண்ணுக்கு அழகானது. ஆனால் ஆகாரத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறையப் பாலைவனம். அதன் தெளிவுக்குக் காரணமே அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் சொற்பம் என்பதுதான். அவை சொற்பமாயிருப்பதற்குக் காரணம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்த நீரில் மிகமிகக் குறைவு என்பது. அப்படிப்பட்ட வறிய நீரில், உலகத்திலேயே மிகவும் செறிந்த ஜீவசமூகங்களுள் ஒன்று எப்படி வாழ்கிறது என்ற கேள்வி, பவளத்திட்டுகளைப் பற்றி 1842-ல் நூல் எழுதிய டார்வினின் பெயரோடு சேர்ந்து இன்றைக்கும் டார்வினின் புதிர் என்று வழங்கி வருகிறது. விடையின் பெரும்பகுதி பவளத்தின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. செடியென்றும் கல்லென்றும் முன்னோர்களை மயக்கிய இந்தப் பிராணி, தன் சதையின் உயிரணுக்களுக்குள் ஓரணுப் பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. பாசி சூரிய வெளிச்சத்தைக் கொண்டு செய்யும் சர்க்கரையின் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளம் கழிக்கும் கழிவு பாசிக்கு உரமாகிறது. பொருள் குறைந்த குடும்பத்தில் சோறு வடித்த கஞ்சிகூடக் கீழே கொட்டப்படாமல் யாரோ ஒருவருக்கு ஆகாரமாவதுபோல, அங்கே எதுவும் வெளியே சிந்துவதில்லை. இந்த நுட்பமான ஏற்பாடு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: சுற்றியுள்ள நீர் மாறாதிருக்க வேண்டும். உப்பு ஆயிரத்தில் 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில், மக்னீசியம் 1300-ஐ ஒட்டி, வெப்பம் ஒரு குறுகிய எல்லைக்குள் என்று, எத்தனையோ ஆயிரம் வருஷங்களாகப் பெரிதாக அசையாத ஒரு நீரில் வாழ்ந்து பழகிய பிராணிக்கு அசைவைத் தாங்கும் திராணி குறைவு. எனவே வீட்டில் பவளம் வளர்ப்பவன் கடலிடமிருந்து முதலில் கற்றுக்கொண்டாக வேண்டிய குணம் நிதானம்.

இதைக் கற்றுக்கொள்ள மனிதர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1846-ல் ஆனா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டார்க்கி என்னும் ஊரிலிருந்து சில கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வீட்டில் அவற்றை உயிரோடு வைத்திருந்தார். அவை குளிர்ந்த கடலின் தனிப்பவளங்கள், திட்டுக் கட்டுபவை அல்ல. என்றாலும் நீரில் பிராணவாயு குறையாதிருக்க வேண்டும் என்ற உண்மையை அவர் அறிந்திருந்தார். இன்று சுவிட்சைத் தட்டினால் சுழலும் அலை பம்புகள் செய்கிற வேலையை அன்று ஒரு பணிப்பெண் திறந்த ஜன்னலின் எதிரே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிச் செய்தாள். கடலின் ஓயாத அசைவைத் தன் இரண்டு கைகளால் ஈடுசெய்த அந்தப் பணிப்பெண்ணை நினைக்காமல் என்னால் என் பம்புகளைப் பார்க்க முடிவதில்லை.

அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாகியும் வெப்பமண்டலப் பவளத்தை வீட்டில் வளர்ப்பது கைகூடவில்லை. மீன்களைச் சில காலம் காப்பாற்றினார்கள். அவற்றின் பின்னணியில் வெளுத்த பவள எலும்புகளை அலங்காரமாக அடுக்கினார்கள். வழி திறந்தது நமக்குப் பக்கத்திலிருந்தே. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961-ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் தம்முடைய முறையை எழுதினார்: கடலிலிருந்து எடுத்த கல்லை அதன்மேல் ஒட்டியும் அதற்குள் துளைத்தும் வாழும் ஜீவராசிகளோடு அப்படியே தொட்டியில் வைப்பது, சூரிய வெளிச்சத்தை அனுமதிப்பது, மெல்லிய காற்றுக்குமிழ்களால் நீரை அசைப்பது, அவ்வளவுதான். நீரைச் சுத்தி செய்யும் வேலையைக் கல்லுக்குள்ளிருக்கும் நுண்ணுயிர்களே செய்தன. கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போவதில் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக எண்ணிய காலத்தில், கருவியைக் குறைத்து உயிரைக் கூட்டினால் போதும் என்று எளிய உபகரணங்களோடு பூமத்திய ரேகையோரம் இருந்த ஒருவர் கண்டுகொண்டது பெரிய விஷயம். பின்னர் பெர்லினைச் சேர்ந்த வளர்ப்பாளர்கள் அந்த உயிர்ப்பாறையோடு வலிய விளக்கும், காற்றுக்குமிழ்களில் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரும், சுண்ணாம்புத் தெளிநீரும் சேர்த்து ஒரு முறையை நிலைநாட்டினார்கள். மான்கொம்புப் பவளத்தின் இனங்கள் வீட்டுத் தொட்டிகளில் வளரத் தொடங்கியது அதற்குப் பின்தான். அவர்களுள் டீட்ரிச் ஸ்டூபர் என்பவர் தம் தொட்டியில் வளர்ந்த ஒரு பவளத்திலிருந்து கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுக்க, அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுக்க, அந்த ஒரே பவளம் ஐரோப்பா முழுவதிலும் எண்ணற்ற தொட்டிகளில் அவர் பெயரோடு பரவிற்று.

நான் விட்டுப்போன காலத்துக்கும் திரும்பிவந்த காலத்துக்கும் இடையே இந்தக் கலையில் நேர்ந்த மாற்றங்களுள் கருவிகளைப் பற்றியவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. மெட்டல் ஹாலைடு விளக்குகள் போய் எல்.இ.டி. வந்துவிட்டது, பகலின் வெளிச்சத்தை விடியலிலிருந்து அந்திவரை நிமிஷக்கணக்கில் வகுத்துவைக்க முடிகிறது, தொட்டியின் வெப்பநிலையைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். நன்று. ஆனால் உண்மையான மாற்றம் வேறு. அக்காலத்தில் கடைக்குப் போனால் இந்தோனேசியக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த உயிர்ப்பாறைகள் ஈரமான செய்தித்தாள்களில் சுற்றிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பவளங்களும் அப்படியே, கையளவு, தலையளவு கூட்டங்களாக வரும். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. இன்று கடைத் தொட்டிகளில் காண்பது பெரும்பாலும் சிறிய சிமெண்டு வில்லைகளின்மேல் ஒட்டிவளர்த்த விரலளவுத் துண்டுகள். 2018-ல் இந்தோனேசிய அரசாங்கம் பவள ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது; 2020-ல் மறுபடி திறந்தபோது வளர்ப்புப் பண்ணைகளில் பெருக்கியவற்றுக்கே முதலிடம் தந்தது. கல்பவளங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. கோமாளி மீன்களை 1970-களிலிருந்தே தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்து விற்கிறார்கள். ஹவாய்க் கடலின் மஞ்சள் டாங் மீன் மட்டும் நெடுங்காலம் வசப்படாதிருந்தது, அதையும் 2015-ல் ஹவாய் ஆராய்ச்சியாளர்கள் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். ஆகையால் ஒரு துண்டுக் கடலைக்கூடக் கடலிலிருந்து பெயர்க்காமல் ஒரு பெரிய தொட்டியை நிரப்புவது இன்று சாத்தியம். அது சாத்தியமில்லாதிருந்தால் நான் திரும்பி வந்திருக்கமாட்டேன்.

எனவே உலர்ந்த கற்களைக் கொண்டே தொடங்கினேன். தண்ணீரைத் தயாரிப்பதே தனி வேலை. இங்குள்ள குழாய்நீர் மனிதனுக்கு மிகவும் நல்லது. ஆனால் கிருமிகளைத் தடுக்க அதில் குளோரமின் சேர்ந்திருப்பதால், கரி வடிகட்டி வழியாகவும் ஆர்.ஓ. சவ்வு வழியாகவும் பிசின் குழல் வழியாகவும் அதை நடத்தி, ஒன்றுமே கரைந்திராத வெறும் நீராக்கி, பிறகு அதில் கடலுப்பைக் கரைத்து, ஓர் இரவு சுழலவிட்டு, உப்பளவைப் பார்த்து ஊற்றவேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோ உப்பு. குளிர்நாட்டு வளர்ப்பாளர் ஹீட்டர் வைக்கிறார். இங்கே அறைக்காற்றே பிற்பகலில் 30 டிகிரியைத் தாண்டுவதால் சில்லர் இன்றியமையாதது. அது 26 டிகிரியில் நிற்கிறது.

அதன்பின் காத்திருப்பு. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசை, ஏனெனில் தொட்டி வைப்பவர்களில் பலர் கடக்க விரும்பும் பகுதி இதுவே. எனக்கோ இதுவே சிறந்த பகுதி. உயிரற்ற கல்லும் உயிரற்ற நீரும் உயிரற்ற மணலும் விளக்கின் கீழே நிற்கின்றன. ஒரு சிட்டிகை அம்மோனியாவையும், நண்பரின் பழைய தொட்டியிலிருந்து கேட்டுவாங்கிய கையளவு உயிர்ப்பாறையையும் சேர்த்துவிட்டு மனிதன் விலகிக்கொள்ள வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா முதலில் பெருகுகிறது. அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பின்னால் வருகிறது. இரண்டும் நிலைபெறச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம். இந்தக் காலத்தில் கண்ணுக்குப் புலப்படுவது ஒன்றுமில்லை, சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைத் தவிர. பிறகு மணலின்மேலும் கண்ணாடியின்மேலும் டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி படர்கிறது. அது ஒருநாள் தானே தளர்ந்து, பச்சைப் பாசி மயிர்க்கற்றைகளாகக் கல்லை மூடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இரக்கத்தோடு பார்க்கும் பருவம் இது. இந்தப் பருவத்தில் கைவைத்துத் துடைத்து, மருந்து ஊற்றி, கல்லையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவித் தொடக்கத்துக்கே போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வோர் உயிரும் தனக்கு அடுத்துவரும் உயிருக்கு வேண்டியதைச் செய்துவைத்துவிட்டுத்தான் பின்வாங்குகிறது. பாசி வந்ததனால்தான் அதை மேயும் நத்தைகளை விட முடிகிறது, பாசியிடையே ஒளிவதற்கு இடம் இருப்பதனால்தான் கோப்பிபாடு என்னும் கடுகினும் சிறிய உயிர்கள் பெருகுகின்றன.

இரவில் விளக்கெல்லாம் அணைந்தபின் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பகலில் வெறுமையாகத் தெரிந்த கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக அவை தத்தித் தத்தி ஓடுகின்றன. நண்பர் தந்த கல்லின் துளையிலிருந்து முட்புழுவொன்று பாதி உடம்பை நீட்டி மணலைத் தடவுகிறது; இன்னொரு துளையில் விசிறிப்புழு, நகத்தின் நுனியளவுகூட இல்லாதது, தன் சாமரத்தை விரித்து நீரை வடிகட்டுகிறது. இவற்றில் எதையும் நான் காசு கொடுத்து வாங்கவில்லை; எதையும் இங்கே வா என்று அழைக்கவுமில்லை. சில மாதங்கள் சென்றபின் கல்லின் நிழல்படிந்த பக்கத்தில் ஊதாநிறத்தில் முதல் பொட்டு தெரிந்தது. சுண்ணாம்பைத் தன் உடம்பில் படியவைக்கும் செம்பாசி அது. கால்சியமும் காரத்தன்மையும் நிலையாக இருக்கின்றன என்று எந்தச் சோதனைக் குழாயையும்விட நம்பகமாகச் சொல்லும் சாட்சி. அதைக் கண்டபின்தான் முதல் பவளத்தை வாங்கப் புறப்பட்டேன்.

பவளங்கள் வந்தபின் வேலையின் தன்மை மாறுகிறது. எலும்பு கட்டும் பிராணிகள் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் இடைவிடாமல் எடுத்துக்கொண்டிருப்பதால், எடுத்ததை எடுத்த வேகத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. குறைந்தால் வளர்ச்சி நின்றுபோகும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் சுண்ணாம்பு வெண்பொடியாகப் படிந்து எல்லாம் குலையும். வாரந்தோறும் சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, இளஞ்சிவப்பு நீலமாகும் கணத்தில் சொட்டை நிறுத்தி, எழுதிவைத்துப் பார்க்கையில், எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகச் செலவாவது தெரிகிறது. தொட்டியில் உள்ளவை வளர்கின்றன என்பதற்கு அந்தச் செலவுக் கணக்கே அத்தாட்சி. இந்தச் சிறு ரசாயனத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடல் எவ்விதப் பிரயாசையுமின்றிச் செய்துகொண்டிருந்த காரியத்தின் அளவு எத்தனை என்று, அதில் மிகச் சொற்பமானதைத் தன் கையால் செய்து பார்க்கும் ஒருவனுக்கு அன்றன்றைக்கு விளங்கும் இடம் அது.

செய்துகொண்டிருந்த என்று இறந்தகாலத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கடற்பகுதியில் கோடைக்கால உச்சவெப்பம் எதுவோ, அதைவிட ஒரே ஒரு டிகிரி அதிகமான வெப்பம் சில வாரங்கள் நீடித்தால், பவளத்துக்குள் இருக்கும் பாசியின் வேலை தடுமாறி, சர்க்கரைக்குப் பதிலாக நச்சு ஆக்சிஜன் பிறக்கத் தொடங்குகிறது. பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடிபோலாகிவிட்ட சதையின் வழியே வெள்ளை எலும்பு தெரிகிறது. அந்த வெண்மை சாவு அல்ல, பட்டினி. வெப்பம் தணிந்தால் பாசி திரும்பலாம், தணியாவிட்டால் திரும்பாது. 1998-ல் உலகம் முழுவதும் இது நேர்ந்தபோது, அபூர்வமான விபத்து என்று கருத இடமிருந்தது. பின்னர் 2010, பின்னர் 2014 முதல் 2017 வரை, அதன்பின் 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடலாய்வு நிறுவனம் அறிவித்தது. சிங்கப்பூர்க் கடலும் ஒருமுறைகூடத் தப்பவில்லை. 2023 ஜூலையில் புளோரிடாவின் ஆழமற்ற குடா ஒன்றில் நீரின் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டிய வாரத்தில், கடலடி நாற்றங்கால்களில் வளர்த்துக்கொண்டிருந்த பவளங்களை அங்குள்ளோர் அவசர அவசரமாகப் பெயர்த்தெடுத்துக் கரையில் உள்ள தொட்டிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பவளத்தைக் கடலிலிருந்து காப்பாற்றத் தொட்டிக்குக் கொண்டுவருவது என்பது, நான் முதல் தொட்டி வைத்த காலத்தில் யார் சொன்னாலும் பொருள் விளங்காத வாக்கியமாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு வாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல் அழிந்தாலும் நம் தொட்டிகளில் பவளம் பிழைத்திருக்கும், ஆகவே நாமே அவற்றின் ரட்சகர்கள் என்று வளர்ப்பாளர்களில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வீட்டுத் தொட்டிகளில் உள்ளவை அழகுக்காகத் தேர்ந்தெடுத்த சில இனங்களின் சில கிளைகள். ஒரே பவளத்தின் நூறு துண்டுகள் நூறு வீடுகளில் இருந்தாலும் பரம்பரைக் கணக்கில் அவை ஒரே ஜீவன். மேலும் என் தொட்டியின் 26 டிகிரி வானத்திலிருந்து வருவதல்ல. இந்தத் தீவின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறுவது. பெட்டிக்குள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்க வெளியே ஆகாயத்தில் நான் சேர்க்கும் கரியமிலவாயுவும் அந்த ஒரு டிகிரியில் தன் அணுவளவு பங்கைக் கொண்டது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சம்ப் தொட்டியைப் பெரிதாக்கி, பம்புகளைக் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவையாகத் தேர்ந்து, அறையின் மேற்குச் சுவரில் வெயில் படாமல் மரநிழல் அமைத்தது இந்தக் கணக்கை முன்வைத்துத்தான். கணக்கு அதனால் சிறுத்தது, தீர்ந்துவிடவில்லை.

ஆனால் தொட்டிகளில் கற்ற கல்வி வீண்போகவில்லை என்பதும் உண்மை. பவளத்தை ஒடித்துப் பெருக்கும் கைப்பழக்கத்தை வீட்டு வளர்ப்பாளர்களே பெரிதும் வளர்த்தார்கள். இன்று கடலில் பவளம் நடுகிறவர்கள் கையாளுவதும் அதையே. லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் ஜேமி கிராக்ஸ் என்பவர் 2012 முதல், கடலின் பருவகால வெப்பத்தையும் சூரியன் உதித்து மறையும் நேரத்தையும் நிலவின் வளர்தலையும் தேய்தலையும் விளக்குகளாலும் கருவிகளாலும் தொட்டிக்குள் நடத்திக்காட்டி, பவளங்களை அவற்றின் சொந்தக் கடலில் முட்டையிடும் அதே காலத்தில் முட்டையிடச் செய்தார். அவருடைய முறையைக் கொண்டு 2019-ல் புளோரிடா மீன்காட்சியகத்தார், தம் கடலில் ஏறக்குறைய அற்றுப்போன தூண்பவளத்தை ஆய்வுக்கூடத்தில் முட்டையிடவைத்தார்கள். ஒடித்துப் பெருக்கினால் கிடைப்பது பிரதி. முட்டையிலிருந்து கிடைப்பது சந்ததி. மாறிவரும் கடலைத் தாங்கக்கூடிய ஒன்று பிறக்குமானால் அந்தச் சந்ததியில்தான் பிறக்கும்.

சிங்கப்பூரின் சொந்தப் பவளங்களை எனக்குத் தெரிந்த பலர் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக் கடலில் பவளமா என்று கேட்கிறார்கள். 250-க்கு மேற்பட்ட கல்பவள இனங்கள் இந்தத் தீவுகளைச் சுற்றிப் பதிவாகியிருக்கின்றன. 1960-களிலிருந்து நடந்த நிலமீட்பில் திட்டுகளின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போயிற்று. எஞ்சியவை கலங்கல் நீரில், சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மங்கலில், வெளிச்சம் எட்டும் குறைந்த ஆழத்துக்குள் ஒடுங்கி வாழ்கின்றன. விடியற்காலைக் கடும்வற்றத்தில் தென்தீவுகளின் ஓரம் நின்று பார்த்தால் அவற்றின் நிறம் பெரும்பாலும் பழுப்பு. தொட்டிகளில் நீலவிளக்கின் கீழ் ஜொலிக்கும் பச்சையும் ஊதாவும் அங்கே தேடினாலும் சுலபத்தில் அகப்படாது. ஆனாலும் சேறும் கப்பல் போக்குவரத்தும் சூழ, தெளிந்த நீருக்குரிய சௌகரியம் எதுவுமின்றி, ஆண்டுதோறும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பௌர்ணமிக்குப் பின் சில இரவுகளில், நம் கணக்கில் பெரும்பாலும் பங்குனி உத்திரம் கழிந்த சில நாட்களில், அவை கூட்டாக முட்டைகளை நீரில் விடுகின்றன. என் தொட்டியின் எந்தப் பவளத்தின்மீதும் எனக்கு உள்ள மதிப்பைவிட இந்தப் பழுப்புநிறத்தவற்றின்மேல் உள்ள மதிப்பு பெரிது. அவற்றின் பொருட்டுத் தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் ஒரு லட்சம் பவளங்களை நடும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறது. குறைந்தது பத்து ஆண்டுகள் நடக்கவேண்டிய காரியம். துண்டுகளை முதலில் செயின்ட் ஜான்ஸ் தீவில் உள்ள தொட்டிகளில் வளர்த்துத் தேற்றி, பிறகே கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தத் தொட்டிகளுக்கும் அதே உப்பளவு, அதே கால்சியக் கணக்கு, அதே காத்திருப்பு.

என் தொட்டியில் மான்டிபோராப் பவளம் ஒன்று, வந்தபோது கட்டைவிரல் நகமளவு இருந்தது, இப்போது தட்டுத் தட்டாக விரிந்து கீழேயிருக்கும் மூளைப்பவளத்தின் வெளிச்சத்தை மறைக்கத் தொடங்கிவிட்டது. ஒடிக்க வேண்டிய தருணம். மூன்று வீடு தள்ளியிருக்கும் பையன், பாலிடெக்னிக்கில் படிப்பவன், வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து தொட்டியின் முன்னே நிற்பவன், போன வாரம் கேட்டுவிட்டான்.

“அங்கிள், அதுல ஒரு துண்டு எனக்குக் கொடுப்பீங்களா?”

“உன் தொட்டி ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு, தம்பி?”

“தண்ணி ஊத்தி ரெண்டு வாரம், அங்கிள். தண்ணி நல்லா தெளிஞ்சிருக்கு.”

பழுப்புப் பாசி வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றான். அது வரட்டும், பச்சையும் வந்து போகட்டும், கல்லில் ஊதாப் பொட்டு தெரிந்ததும் சொல், சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே வந்து உன் நீரைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்குரிய துண்டை இப்போதே ஒடித்து, வில்லையில் ஒட்டி, சம்ப் தொட்டியின் ஓரத்தில் தனியே ஒரு சிறு விளக்கின் கீழ் வைத்திருக்கிறேன். ஒடித்த விளிம்பு ஆறிப் புதுச் சதை மூடுவதற்கு அதற்கும் சில வாரங்கள் வேண்டும்.